மீன் தொட்டியில் நீர்மட்டம்: யந்திரத்திடம் விடத்தக்கதும் விடத்தகாததும்

வங்காளிகளின் உணவில் மீனுக்குள்ள இடத்தை யாவரும் அறிவர். அவர்களுடைய வீட்டுக் கூடத்திலும் மீனுக்கு ஓர் இடம் உண்டு என்பதை வெளியூரார் பலர் அறியார். வட கொல்கத்தாவில் பாக்பஜாரை அடுத்த காலிஃப் தெருவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நெடுங்காலமாகக் கூடிவரும் சந்தை, செடிகளுக்கும் பறவைகளுக்கும் பெயர்பெற்றது போலவே வண்ண மீன்களுக்கும் பெயர்பெற்றது. ஹௌரா, ஹூக்ளி, 24 பர்கனா மாவட்டங்களில் வீட்டுக் கொல்லையில் சிமெண்டுத் தொட்டிகளை வைத்து அலங்கார மீன் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் பல. வடகிழக்கு மாநிலங்களின் ஓடைகளில் பிடிபடும் சிறு மீன்களும் பெரும்பாலும் கொல்கத்தா விமான நிலையத்தின் வழியாகவே வெளிநாடு செல்கின்றன. தமிழ்நாட்டில் சென்னையை ஒட்டிய கொளத்தூர் இத்தொழிலில் பெற்றுள்ள சிறப்பை, கிழக்கிந்தியாவில் கொல்கத்தா பெற்றிருக்கிறது எனலாம்.

இத்தொழிலோடு அதற்குரிய சாதனங்களும் பெருகியுள்ளன. காற்றுப் பம்பு, வடிகட்டி, வெப்பமூட்டி ஆகியவற்றின் வரிசையில் இப்பொழுது தானியங்கி நீர்மட்டக் கட்டுப்பாட்டுச் சாதனமும் சேர்ந்துவிட்டது. தொட்டியில் நீர் குறைந்தவுடன் அதனைத் தானே அறிந்து, குறைந்த அளவு நீரைத் தானே ஊற்றி, உரிய மட்டம் வந்ததும் தானே நின்றுவிடுவது இதன் தொழில். பள்ளிக்கூடங்களிலும் செயல்விளக்க நிலையங்களிலும் இதனைப் பொருத்தலாமா என்ற கேள்வி இன்று எழுகின்றது. பொருத்தலாம் என்பதே அதற்குரிய விடை. ஆனால், "பொருத்திவிட்டால் மறந்துவிடலாம்" என்று விற்பனையாளர் கூறும் மொழியை மட்டும் ஏற்பதற்கில்லை. இச்சாதனம் காப்பது நீரின் மட்டத்தை. நீரின் தன்மையை அன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதிலிருந்தே மீன்களின் சாவு தொடங்குகிறது.

நீர் குறைவது ஏன்?

திறந்த தொட்டியில் நீர் குறைவதற்கு முதற்காரணம் ஆவியாதல். நீரின் வெப்பம், காற்றின் ஈரப்பதம், நீர்ப்பரப்பின்மேல் காற்று வீசும் வேகம் ஆகிய மூன்றையும் பொறுத்து இதன் அளவு கூடியும் குறைந்தும் அமையும். மழைக்காலத்தில் கொல்கத்தாவின் காற்று ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாதல் மட்டுப்படுகிறது. கார்த்திகை முதல் மாசி வரையுள்ள குளிர்ந்த, வறண்ட மாதங்களிலோ, வெப்பமூட்டி வைத்த தொட்டியிலுள்ள நீர் சுற்றியுள்ள காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும். அப்பொழுது, கோடையில் குறைவதைக் காட்டிலும் கூடுதலாகவும் நீர் குறையக்கூடும். "குளிர்காலந்தானே, நீர் அதிகம் வற்றாது" என்று எண்ணுவோர் இதனால் ஏமாறுவதுண்டு. மின்விசிறியின் கீழ் வைத்த தொட்டியிலும், காற்றுக் குமிழிகளை மிகுதியாகச் செலுத்தும் தொட்டியிலும் இழப்பு இன்னும் கூடும்.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்பது எளிது. 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உடைய தொட்டி ஒன்றில் 36 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் நிற்பதாகக் கொள்வோம். நீரின் பரப்பு 1,800 சதுர சென்டிமீட்டர்; கொள்ளளவு 64.8 லிட்டர். மட்டம் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் 180 மில்லிலிட்டர் நீர் போயிற்று என்பது பொருள். நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் இறங்குவதாக வைத்துக்கொண்டால், தினம் 900 மில்லிலிட்டர் நீரை ஈடு செய்ய வேண்டும். ஒரு மாதத்தில் இது 27 லிட்டராகும். தொட்டி நீரில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட அளவு இது. நீர் இவ்வாறு இறங்க விட்டால் வடிகட்டியின் உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கும். வெப்பமூட்டி நீருக்கு வெளியே தலைநீட்டிக் கண்ணாடி வெடிக்கவும் இடமுண்டு. ஆகவே மட்டத்தை நிலையாக வைத்திருப்பது வீண் ஆடம்பரமன்று.

போவது நீர், தங்குவது உப்பு

இங்கே ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் கருத்தில் கொள்ளவேண்டிய உண்மை ஒன்றுண்டு. ஆவியாகி வெளியேறுவது தூய நீர் மட்டுமே. அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு, மக்னீசியம் முதலிய உப்புகள் அனைத்தும் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. அவ்விடத்தில் குழாய் நீரை ஊற்றினால், அந்நீரில் உள்ள உப்பும் முன்னிருந்த உப்போடு சேர்கிறது. மேற்கூறிய தொட்டியில் நாள்தோறும் 900 மில்லிலிட்டர் வீதம் குழாய் நீரால் ஈடு செய்துகொண்டே போனால், 72 நாள்களில் 64.8 லிட்டர் புதுநீர் உட்சென்றிருக்கும். அதாவது, நீர் மாற்றம் எதுவும் செய்யாவிடில் அந்த 72 நாள்களில் தொட்டியிலுள்ள உப்பு இருமடங்காகிவிடும். நீர்மட்டமோ முதல் நாள் இருந்தபடியே, கோடு போட்டாற்போல் நிற்கும். பார்ப்பவருக்குக் குறையொன்றும் தோன்றாது.

வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 13 லிட்டர் அளவு, பழைய நீரை இறைத்துவிட்டுப் புதுநீர் விடுவதாகக் கொள்வோம். அப்பொழுதும் உப்பின் அளவு குழாய் நீரிலுள்ளதைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு ஏறி, அங்கேதான் நிலைபெறும். ஒரு வாரத்தில் உட்செல்லும் உப்பு 19.3 லிட்டர் குழாய் நீருக்குரியது. வெளியேறுவதோ 13 லிட்டர் தொட்டி நீருக்குரியது. வரவும் செலவும் சமமாகும் இடம் ஒன்றரை மடங்கே என்பதை மாணவர்களே வகுத்துக் கண்டுகொள்ளலாம். ஈடுசெய்யும் நீர் சுத்தமான கலத்தில் பிடித்த மழைநீராகவோ வாலைவடி நீராகவோ இருப்பின் இவ்வேற்றம் நிகழாது.

கடல் மீன் தொட்டியில் இது இன்னும் கடுமையானது. கடல் நீரில் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. 36 சென்டிமீட்டர் ஆழமுள்ள நீர் 35 சென்டிமீட்டராக இறங்கினால், உப்பு 35-லிருந்து 36 கிராமுக்கு ஏறுகிறது. இதனை உப்பில்லாத நீரால்தான் ஈடு செய்யவேண்டும். கடல் நீர் குறைந்தது என்று மீண்டும் கடல் நீரையே ஊற்றினால், மட்டம் சரியாகும். உப்போ ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போகும். கடல் உயிரிகளை வளர்ப்போருக்குத் தானியங்கிச் சாதனம் மிகவும் பயன்படுவதும் இதனால்தான். நாளுக்கு ஒருமுறை மொத்தமாக ஊற்றுவதைவிட, குறையக் குறையச் சிறிது சிறிதாக நன்னீர் சேருமானால் உப்பின் அளவு ஊசலாடுவதில்லை.

உப்பு ஒருபுறமிருக்க, மீனின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியாவை நீரிலும் மணலிலும் உள்ள நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த நைட்ரேட்டும் ஆவியாவதில்லை. செடிகள் சிறிதளவு உண்ணும். எஞ்சியதை நீர் மாற்றம் ஒன்றே நீக்கும். ஈடு செய்தல் வேறு, மாற்றுதல் வேறு என்னும் பாடத்தை மீன் வளர்ப்போர் ஒவ்வொருவருக்கும் முதலிலேயே கற்பித்துவிட வேண்டும்.

மிதவையின் வமிசம்

மட்டத்தைத் தானே காக்கும் பொறி புதியதன்று. கிறிஸ்து பிறப்பதற்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்ஸாண்ட்ரியாவில் வாழ்ந்த டெசிபியஸ் என்பவர், தம் நீர்க் கடிகாரத்தில் நீர் ஒரே மட்டத்தில் நிற்பதற்கு மிதவையைக் கையாண்டார். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரத்துப் பானூ மூஸா சகோதரர்கள் தங்கள் பொறி நூலில் மிதவையால் இயங்கும் பல சாதனங்களை விவரித்தனர். 1765-ஆம் ஆண்டில் ருஷ்யப் பொறியியலாளர் போல்சுனோவ், நீராவிக் கொதிகலனில் நீர்மட்டத்தைக் காக்க மிதவையை அமைத்தார். இத்தகைய பொறிகள் யாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: விளைவே திரும்பி வந்து காரணத்தைக் கட்டுப்படுத்துகிறது. நீர் இறங்கினால் மிதவை இறங்குகிறது, வால்வு திறக்கிறது. நீர் ஏறினால் மிதவை ஏறுகிறது, வால்வு அடைபடுகிறது. இதனையே இன்று பின்னூட்டம் என்கிறோம். வீட்டு மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியின் உருண்டை மிதவையும் இவ்வமிசத்தைச் சேர்ந்ததே.

மீன் தொட்டிக்குரிய சாதனங்கள் மூவகைப்படும். முதலாவது, மின்சாரமின்றி இயங்கும் மிதவை வால்வு. இரண்டாவது, கவிழ்த்து வைத்த புட்டி. கோழிக் குஞ்சுகளுக்கு நீர் வைக்கும் கலத்தைப் போல, புட்டியின் வாய் நீரில் மூழ்கியிருக்கும் வரை நீர் இறங்காது. மட்டம் தாழ்ந்து வாய் வெளிப்பட்டதும் காற்று உட்புக, நீர் இறங்கும். மூன்றாவது, மின்சார உணரியும் சிறு பம்பும் சேர்ந்தது. இவ்வுணரிகளில் சில மிதவையால் இயங்குவன. சில ஒளியால் இயங்குவன. ஒளி உணரியில் ஒரு சிறு பட்டகத்தின் முனையை நோக்கி அகச்சிவப்பு ஒளி செலுத்தப்படுகிறது. வெளியே காற்று இருந்தால் ஒளி முழு அக எதிரொளிப்பு அடைந்து திரும்புகிறது. நீர் இருந்தால் அதனுள் புகுந்து போய்விடுகிறது. திரும்பும் ஒளியின் அளவைக் கொண்டு நீர் உண்டா இல்லையா என்பதைச் சாதனம் அறிந்துகொள்கிறது. பௌதிக வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டும் முழு அக எதிரொளிப்பை, மாணவர் கண்முன்னே தொழில் செய்யக் காண்பதற்கு இது நல்ல வாய்ப்பு.

பழுதின் இரு வழிகள்

எந்தப் பொறியும் பழுதாகும். இச்சாதனம் பழுதாகும் வழிகள் இரண்டு: நீர் வேண்டும்பொழுது தொடங்காமலிருப்பது ஒன்று, போதுமான பின்னும் நிற்காமலிருப்பது மற்றொன்று. முதலாவதில் மட்டம் மெல்ல இறங்கும். பார்ப்பவர் கண்ணில் அது படுவதற்கு நாள்கள் பல உண்டு. இரண்டாவதோ சில நிமிஷங்களில் கேடு செய்யும். ஆகவே ஆபத்தின் பெரும்பகுதி நிற்காமல் ஊற்றுவதில்தான் இருக்கிறது.

அதற்குக் காரணங்கள் அற்பமானவை. ஒரு சிறு நத்தை மிதவையின் தண்டில் ஏறி அமர்ந்தால் போதும். பாசியோ, கடல் தொட்டியில் உப்புப் படிவோ மிதவையை இறுக்கிவிடும். ஒளி உணரியின் முகத்தில் பாசி படர்ந்தால் நீர் உண்டென்றும் இல்லையென்றும் அது மயங்கும். ஈடுசெய்யும் குழாயின் நுனி தொட்டி நீரில் அமிழ்ந்திருந்தால், பம்பு நின்ற பிறகும் சைபன் விதிப்படி நீர் ஓடிக்கொண்டேயிருக்கும். சேமிப்புக் கலம் உயரத்தில் இருந்தால் கலத்து நீர் முழுவதும் தொட்டிக்கு வரும். தாழ்வில் இருந்தால் தொட்டி நீர் கலத்துக்கு இறங்கும். குழாயின் நுனி எப்பொழுதும் நீர்ப்பரப்புக்கு மேலே, காற்றில் நிற்கவேண்டும் என்பது இதனால் விதியாகிறது.

இதே விதி வேறொரு காரணத்தாலும் முக்கியமானது. கொல்கத்தாவில் மாநகராட்சிக் குடிநீர் குறித்த வேளைகளில் மட்டும் வருகிறது. தமிழ்நாட்டு நகரங்கள் பலவற்றிலும் நிலைமை இதுவே. மீன் தொட்டியை நேரே குடிநீர்க் குழாயோடு இணைத்து, நுனியையும் நீருள் விட்டிருந்தால், குழாயில் அழுத்தம் குன்றிய வேளையில் தொட்டியின் அழுக்கு நீர் குடிநீர்க் குழாய்க்குள் இழுக்கப்படலாம். மேலும், குடிநீரில் நோய்க்கிருமிகளைக் கொல்வதற்காகக் கலந்துள்ள குளோரின் மீனின் செவுள்களுக்கு நஞ்சு. நாளுக்கு ஒரு லிட்டர் அளவில் சேரும்பொழுது அதன் தீங்கு பெரும்பாலும் தெரிவதில்லை. வால்வு அடைபடாமல் முப்பது, நாற்பது லிட்டர் புகுந்துவிட்டாலோ தொட்டியிலுள்ள மீன்கள் யாவும் மடியக்கூடும். இக்காரணங்களால், பள்ளியிலும் செயல்விளக்க நிலையத்திலும் மீன் தொட்டியைக் குடிநீர்க் குழாயோடு நேரே இணைத்தல் கூடவே கூடாது.

அதற்கு மாற்று எளியது. தனிச் சேமிப்புக் கலம் ஒன்றிலிருந்து மட்டுமே நீர் வரவேண்டும். அக்கலத்திலுள்ள நீர் முழுவதும் ஒரே வேளையில் தொட்டியில் கொட்டினாலும் தொட்டி வழியக்கூடாது. இவ்வொரு விதியைக் கைக்கொண்டால் பாதிக்கு மேற்பட்ட அபாயம் நீங்கும். மேற்கூறிய தொட்டியில் நீருக்கு மேல் 4 சென்டிமீட்டர் வெற்றிடம் இருந்தால் அதற்கு 7.2 லிட்டர் கொள்ளும். ஆகவே 7 லிட்டர் கலம் போதும். நாளுக்கு 900 மில்லிலிட்டர் செலவானால் அது ஒரு வாரத்துக்கு வரும். கலத்து நீரை முன்னதாகவே சோடியம் தயோசல்பேட் இட்டுக் குளோரின் நீக்கி வைக்கலாம். பம்பு உள்ள சாதனமாயின், வழக்கமான உணரிக்கு மேல் அவசர உணரி ஒன்று தனியே இருத்தல் வேண்டும். குறித்த நேரத்துக்கு மேல் பம்பு ஓடினால் தானே நின்றுவிடும் ஏற்பாடும் வேண்டும். அலையால் மட்டம் ஆடும்போதெல்லாம் பம்பு ஓடி நிற்பதைத் தவிர்க்க, தொடங்கும் மட்டத்துக்கும் நிற்கும் மட்டத்துக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி விடவேண்டும். மின்கம்பி செருகியை அடையுமுன் சற்றுத் தாழ்ந்து தொங்கி மேலேறுமாறு அமைந்தால், கம்பி வழியே வடியும் நீர் செருகிக்குள் போகாது. மின்கசிவைத் தடுக்கும் தானியங்கித் துண்டிப்பானும் பள்ளியில் கட்டாயம் தேவை.

நகரம் கற்பிக்கும் பாடம்

மட்டமும் தன்மையும் வேறு என்பதைக் கொல்கத்தா நகரத்தின் இரு அமைப்புகள் தெளிவாகக் காட்டுகின்றன. இவற்றுள் ஒன்று குடிநீரைச் சார்ந்தது. மற்றொன்று கழிவு நீரைச் சார்ந்தது.

நகரின் வடபால் டாலா என்னுமிடத்தில் எஃகுத் தூண்களின்மேல் நிற்கும் பெரும் நீர்த்தொட்டியின் கட்டுமானம் 1909-இல் தொடங்கியது. 1911-இல் தொட்டி பயனுக்கு வந்தது. அதன் உயரம் ஏறத்தாழ 110 அடி. கொள்ளளவு 90 லட்சம் காலன். நான்கு அறைகளாக அது பிரிக்கப்பட்டிருப்பதால், ஓர் அறையைக் கழுவும்பொழுதும் நீர் வழங்கல் நிற்பதில்லை. இத்தொட்டியில் மட்டம் காக்கப்படுவது நகரத்தின் குழாய்களில் அழுத்தம் இருப்பதற்காக. நீரின் தூய்மைக்கு டாலாவை நம்பி எவரும் இருப்பதில்லை. அதற்காகப் பாரக்பூருக்கு அருகே ஹூக்ளிக் கரையிலுள்ள பல்தா நீரேற்று நிலையத்தில் ஆற்று நீர் தெளியவிடப்பட்டு, வடிகட்டப்பட்டு, குளோரின் சேர்க்கப்பட்டு, சோதிக்கவும்படுகிறது. மட்டத்துக்கு ஓர் ஏற்பாடு, தன்மைக்கு மற்றோர் ஏற்பாடு என்று நகரமே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு சாண் அகலமுள்ள கண்ணாடித் தொட்டியில் மட்டும் இரண்டையும் ஒரு மிதவையிடம் ஒப்படைப்பது முறையாகுமா?

மற்றொன்று நகரின் கிழக்கேயுள்ளது. 12,500 ஹெக்டேர் பரப்புள்ள கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள் 2002-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவமுடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டன. இவற்றின் பெருமையை உலகறியச் செய்தவர் துருவஜோதி கோஷ் என்னும் பொறியியலாளர். இங்குள்ள பேரிகள் எனப்படும் ஆழமற்ற ஏரிகளில் நகரத்துக் கழிவு நீரே வெயிலாலும் பாசியாலும் நுண்ணுயிராலும் தூய்மையாகி மீனுக்கு உணவாகிறது. மீனவர் சிறு மதகுகளைத் திறந்தும் அடைத்தும் நீரை அளவாக விடுகின்றனர். அவர்கள் பார்ப்பது மட்டத்தை மட்டுமன்று. நீரின் நிறம், மணம், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறக்கின்றனவா என்னும் அடையாளம் ஆகிய அனைத்தையும் கண்டே மதகில் கை வைக்கின்றனர். மீன் மேலே வந்து காற்றுக்கு ஏங்கினால் நீரில் பிராணவாயு குன்றிவிட்டது என்பது பொருள். எந்த மிதவையும் இதனைச் சொல்வதில்லை.

இரு தரப்பு ஆட்சேபங்கள்

இச்சாதனத்தைப் பள்ளியில் வைப்பதைச் சிலர் எதிர்க்கின்றனர். நாள்தோறும் மாணவன் ஒருவன் குவளையில் நீர் முகந்து ஊற்றுவதே நல்ல பயிற்சி. யந்திரம் வந்தால் பொறுப்புணர்ச்சி போய்விடும் என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் நீர் ஊற்றும் வேலையில் உள்ள பயிற்சியைவிட, நீரைக் கவனிக்கும் வேலையில் உள்ள பயிற்சி பெரிது. யந்திரம் கையின் வேலையை எடுத்துக்கொள்ளட்டும். கண்ணின் வேலை மாணவனிடமே இருக்கட்டும். சனி, ஞாயிறு விடுமுறைகளில் எவரும் வாராத பள்ளியில் மட்டம் இறங்கி வெப்பமூட்டி வெடிப்பதைவிட, ஒரு சிறு மிதவை இருப்பது மேல்.

எதிர்த் தரப்பினர், இத்தனை காவல்கள் உள்ள சாதனத்துக்குப் பின்னும் மனிதன் எதற்கு என்கின்றனர். இதற்கு விடை, சாதனத்தின் திறமையிலேயே அடங்கியிருக்கிறது. தொட்டியின் கண்ணாடி இணைப்பில் மெல்லிய கசிவு ஏற்பட்டதாக வைத்துக்கொள்வோம். சாதனம் இல்லாத தொட்டியில் மட்டம் விரைந்து இறங்கி அக்கசிவை அறிவித்துவிடும். சாதனம் உள்ள தொட்டியிலோ, கசிந்த நீரைச் சாதனம் ஓசையின்றி நிரப்பிக்கொண்டேயிருக்கும். குறையை நீக்கும் பொறி, குறையின் அடையாளத்தையும் நீக்கிவிடுகிறது. அவ்வடையாளத்தை வேறோர் இடத்தில் மீட்டுக்கொள்வது வைத்திருப்பவர் கடமை.

அவ்விடம் சேமிப்புக் கலமே. கலத்தின் பக்கத்தில் அரை லிட்டருக்கு ஒரு கோடு கீறி, நாள்தோறும் ஒரே வேளையில் அதனைப் படித்துக் குறித்துவந்தால், ஈடுசெய்யும் கலம் ஆவியாதலை அளக்கும் கருவியாகவும் ஆகிவிடும். தேதி, நீரின் வெப்பம், கலத்தில் குறைந்த அளவு, மாற்றிய நீரின் அளவு என நான்கு பத்திகள் கொண்ட ஒரு பதிவேடு போதும். தினம் 900 மில்லிலிட்டர் சென்றுவந்த இடத்தில் திடீரென இரண்டு லிட்டர் சென்றால், கசிவைத் தேடவேண்டும். ஒன்றுமே செல்லாவிடில், உணரி சிக்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இந்த எண்களை வானிலை அலுவலகம் வெளியிடும் ஈரப்பத அளவுகளோடு ஒப்பிட்டு வரைபடம் வரைந்தால், பூகோளமும் கணிதமும் பௌதிகமும் உயிரியலும் ஒரே தொட்டியில் சந்திக்கின்றன. இதற்கு மேற்பட்ட செலவில்லாத ஆய்வுக்கூடம் கிராமப் பள்ளிக்குக் கிடைப்பது அரிது.

களப்பணியாளருக்கு

கொல்லையில் மீன் வளர்க்கும் குடும்பங்களுக்கு அறிவுரை கூறச் செல்வோர் மற்றொன்றையும் நினைவில் கொள்ளவேண்டும். மட்டத்துக்குக் கீழெல்லை மட்டுமன்றி மேலெல்லையும் உண்டு. ஈடுசெய்யும் சாதனம் காப்பது கீழெல்லையை மட்டுமே. கொல்கத்தாவில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஆனி முதல் புரட்டாசி வரை பொழிகிறது. வெட்டவெளிச் சிமெண்டுத் தொட்டியில் ஒரே இரவில் பெய்யும் மழை நீரை விளிம்புக்கு ஏற்றி, குஞ்சுகளை வெளியே அடித்துச் சென்றுவிடும். அத்தகைய தொட்டிக்கு முதலில் வேண்டுவது, வலை கட்டிய மிகைநீர்க் குழாய் ஒன்றே. நூறு ரூபாய்க்குள் முடியக்கூடிய குழாயை விட்டுவிட்டு, ஆயிரக்கணக்கில் விலையுள்ள மின்சாரச் சாதனத்தை அக்குடும்பங்களின் தலையில் கட்டுவது உதவியாகாது. ஒரு தொட்டி மீன் மடிந்தால் நகரத்து வீட்டில் அது ஒரு நாள் வருத்தம். அக்குடும்பங்களுக்கோ அது ஒரு பருவத்து வருமானம். ஆகவே சாதனத்தின் விலையை மட்டும் கூறாமல், அது பழுதானால் நேரும் இழப்பையும் எடுத்துக்கூறுவதே நேர்மையான அறிவுரை.

விடுமுறைக்கு முன்

பூஜை விடுமுறையில் வங்காளத்துப் பள்ளிகள் தொடர்ந்து பல நாள்கள் மூடப்படுகின்றன. தமிழ்நாட்டில் காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளும் கோடை விடுமுறையும் உண்டு. பள்ளித் தொட்டிகள் சோதனைக்குள்ளாவது இந்நாள்களில்தான். நீண்ட விடுமுறைக்கென்று பெரிய கலத்தை வைப்பது தவறு. கலம் பெரிதானால் அபாயமும் பெரிதாகிறது. தொட்டியைக் கண்ணாடிப் பலகையால் மூடி, காற்றுப் போக்குவரவுக்கு ஓரத்தில் சிறிது இடம் விட்டால் ஆவியாதல் வெகுவாகக் குறையும். அதன்பின் அதே 7 லிட்டர் கலம் இன்னும் பல நாள்களுக்கு வரும். வாரம் ஒருமுறை காவலரோ, அருகில் குடியிருக்கும் மாணவரோ வந்து கலத்தை நிரப்பி, மீன்களை எண்ணி, பதிவேட்டில் எழுதிச் செல்ல ஏற்பாடு செய்யவேண்டும். புதிய சாதனத்தை விடுமுறையின் முதல் நாளன்று பொருத்திவிட்டுப் புறப்படலாகாது. பள்ளி நடக்கும்பொழுதே இரண்டு வாரம் ஓடவிட்டு, மிதவையைக் கையால் அழுத்தியும் உயர்த்தியும் சோதித்து, அது தொடங்குவதையும் நிற்பதையும் நேரில் கண்ட பின்னரே அதனிடம் தொட்டியை ஒப்படைக்கலாம்.

மிதவைக்குத் தெரிந்தது மேலும் கீழுமே. அந்த ஒரு வேலையை அது மனிதனைவிடச் சலிப்பின்றிச் செய்கிறது. ஆகவே அவ்வேலையை அதற்குக் கொடுத்துவிடுவதில் தவறில்லை. நீர் மங்கிவிட்டதா, மீன் இரை எடுக்கிறதா, செவுள் விரைந்து அடிக்கிறதா என்று பார்க்கும் வேலை ஆசிரியருக்கும் மாணவருக்கும் உரியது. சாதனம் மிச்சப்படுத்தித் தரும் ஐந்து நிமிஷத்தை அவர்கள் தினமும் தொட்டியின் முன் நின்று செலவிடுவார்களாயின், அதற்குக் கொடுத்த விலை வீணாகாது.